விமானத்தில் போட்ட படகு

வடதிட்டுக் குப்பத்தில் வானத்தை அண்ணாந்து பார்க்கிறவன் காற்றைப் பார்ப்பான், இல்லாவிட்டால் மேகத்தைப் பார்ப்பான். அந்த வருஷம் வேதாசலம் மட்டும் விமானம் பார்த்தார். சென்னையிலிருந்து வடக்கே கிளம்பும் விமானங்களில் சில, பழவேற்காட்டு ஏரிக்கு மேலாகத்தான் போகும். வலை காயப்போடும் நேரத்தில் ஒன்று, கஞ்சி வேளைக்கு ஒன்று, வெயில் தாழ்ந்த பிறகு ஒன்று. அதில் வயிற்றில் மஞ்சள் பூசியது வந்துவிட்டால் போதும். கையில் இருக்கிற வேலை அப்படியே நிற்கும். அது தோணிரேவுப் பக்கம் புள்ளியாகி மறைகிறவரை பார்த்துவிட்டு, "போவுது" என்பார். பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்வார்.

அது போனால் உமக்கென்ன என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். அவருடைய படகுப் பணம் அந்த மஞ்சள் வயிற்றில்தான் இருந்தது.

அவருடைய படகு என்று சொன்னது தப்பு. தம்பி ரங்கனுக்கும் அதில் சரிபாதி. அவர்கள் அப்பா விட்டுவிட்டுப் போனது ஒரு படகு, ஒரு சுத்துவலை, ஒரு பாடு. பழவேற்காட்டு ஏரியில் பாடு என்றால் முறை. நல்ல மீன் படும் இடங்களை ஊர் பொதுவில் வைத்து, சீட்டுக் குலுக்கி, இன்னின்ன நாள் இன்னின்னார் என்று முறை வைத்துக்கொள்வார்கள். முறை வந்த நாளில் அந்த இடத்தில் வேறு யாரும் வலை இறக்கக் கூடாது. ஏழையும் ஒருநாள் நல்ல தண்ணீரில் நிற்பான், இருக்கிறவனும் ஒருநாள் சும்மா கிடப்பான். ஆனால் சீட்டுப் போடுகிற அன்று கரையில் படகு இருக்க வேண்டும். படகு இல்லாதவன் பெயரைக் கூப்பிட மாட்டார்கள்.

மார்கழிக்கு முந்தைய புயலில் அந்தப் படகு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கருவேலங்காட்டில் கிடந்தது. நிவாரணம் வந்தது. இன்ஜினை விற்றதில் கொஞ்சம் வந்தது. ரங்கன் பெண்டாட்டி மஞ்சு கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். புது ஃபைபர் படகுக்குச் சொல்லப் போனால், படகு கட்டுகிறவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரை நெடுக எல்லாருக்கும் படகு உடைந்திருந்தது. "ஆவணிக்குத்தாம்ப்பா ஒங்க மொற வரும்" என்றுவிட்டார்.

ஆவணிவரை பணம் கையில். அங்கேதான் வந்தது வினை.

வேதாசலத்தின் மகன் சுபாஷ் மீனம்பாக்கத்தில் பெட்டி ஏற்றுகிற வேலையில் இருந்தான். சாரல் ஏர் என்று ஒரு மலிவு விமானக் கம்பெனி, அதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற காண்டிராக்டரிடம். லீவுக்கு வந்தவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"உள்ள ஒரு சீட்டு காலி கெடையாது நைனா. எளாவூர் பஸ்ஸுல ஏறறா மாரி ஏறுதுங்க ஜனங்க. பங்கு வெல இப்ப மலிவா கீது. ஆவணிக்குள்ள ஏறிடும். எடுத்து படகுக்குக் குடுத்துட்டு மீதியில வலையும் வாங்கிக்கலாம்."

வேதாசலம் யோசித்தார். பெட்டி ஏற்றுகிறவனே பார்த்துவிட்டுச் சொல்கிறான். வலை நிறைய மீன் ஏறுவதைக் கண்ணால் பார்த்தவன் சொன்னால் நம்ப மாட்டோமா? ரங்கனைக் கேட்டார்.

"நீ சொன்னா சரிணா" என்றான் ரங்கன். நாற்பது வயதிலும் அவன் அண்ணனுக்குச் சொல்லும் பதில் அது ஒன்றுதான்.

வேதாசலத்தின் பெண்டாட்டி மணியம்மாளை யாரும் கேட்கவில்லை. மஞ்சுவையும் கேட்கவில்லை.

முதல் மாதம் ஏறியது. அன்றைக்கு வீட்டில் பச்சை நண்டு வாங்கி மிளகு தூக்கலாக அரைத்து வைத்தார்கள். வேதாசலம் ஓட்டைக் கடித்துக்கொண்டே, வாங்கப்போகும் படகுக்கு நீலமா பச்சையா என்று தம்பியோடு தர்க்கம் பண்ணினார். அதற்கப்புறம் இறங்க ஆரம்பித்தது, இறங்கிக்கொண்டே இருந்தது.

வைகாசி வெயிலில் ஏரி வற்றிப் பின்வாங்கி, உப்பு பூத்த சேறு வெடித்துக் கிடந்தது. தொழில் கிடையாது. அண்ணனும் தம்பியும் அடுத்தவனின் கிழிந்த வலையைக் கூலிக்குப் பொத்துவார்கள். வேலை நடக்கிற இடம் ஸ்டீபனின் ஐஸ் கொட்டகை. ஸ்டீபன் ஆரம்பாக்கத்துக்காரன், இறால் ஏஜெண்டு. வேதாசலம் போடுகிறாரே என்று அவனும் கொஞ்சம் சாரலில் போட்டிருந்தான். அண்ணன் தம்பி பங்கையும் அவன் செல்போன் வழியாகத்தான் வாங்கியிருந்தார்கள். ஐஸ் இல்லாத பெட்டிமேல் உட்கார்ந்து செல்போனைத் தேய்ப்பான்.

"இன்னாடா சொல்லுது?"

"இன்னிக்கும் எறக்கந்தாண்ணே."

"ப்ளேன் ரொம்பித்தானே போவுது?"

"ரொம்பித்தான் போவுது. ஆனா எண்ண வெல ஏறிக்கீது. அத்த டாலர்ல குடுக்கணுமாம். டிக்கெட்டு மட்டும் நம்மூரு துட்டு. பக்கத்து கம்பெனிக்காரன் டிக்கெட்ட கொறச்சா இவனும் கொறைக்கணும். இல்லாங்காட்டி ஜனம் அங்க பூடும்."

ரங்கன் வலைக்கண்ணிலிருந்து ஊசியை எடுத்தான். "அப்ப ப்ளேன் ரொம்ப ரொம்ப நஷ்டமா?"

"அப்டித்தான் எழுதிக்கிறான். அதுலயும் பாதி ப்ளேன் வாடகையாம். நாலஞ்சு இன்ஜின் ரிப்பேருன்னு ஓரமா நிக்குதாம். சாமான் வெளிநாட்லேந்து வரணுமாம்."

"வாடகப் படகு. ரிப்பேரு இன்ஜினு. டீசலு வேற டாலரு" என்று ரங்கன் விரலை மடக்கினான். "ணா, இந்த மாரி நம்ம ஊர்ல ஒருத்தன் தொழில் பண்ணிக்கினு பொண்ணு கேட்டு வந்தா, நீ குடுப்பியா?"

ஸ்டீபன் பெட்டியிலிருந்து விழுகிற மாதிரி சிரித்தான். வேதாசலத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் பழையபடி இறுகியது.

"கேளு ரங்கா. நம்ம நைனா ரெண்டு வருசம் வெறும் வலைய தூக்கிக்கினு வந்தாரு. பாட்ட வுட்டாரா? மூணாம் வருசம் எறா இன்னா பட்டுது, நீயே கூட வந்து அள்ளுனியே. பாடு மோசம்னு பாதில எழுந்து வந்தவனுக்கு அந்த எடம் அப்பால கெடைக்குமா?"

"கெடைக்காதுணா."

"அவ்ளோதான். ஒக்காந்துகினு இருக்கணும்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஏரியில் அதுதான் நியாயம். முறையை விட்டவனுக்கு முறை போச்சு. காத்திருந்தவனை ஏரி எப்படியும் ஒரு மழைக்குக் காப்பாற்றும். ஐம்பது வருஷம் அவரைக் காப்பாற்றிய அந்த நியாயத்தைத்தான் அவர் விமானத்துக்கும் வைத்தார். விமானக் கம்பெனிக்கு மழைக்காலம் என்று ஒன்று வந்தே தீர வேண்டியதில்லை என்பதை யார் போய் அவருக்குச் சொல்வது? சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

ஆனி பிறந்தபோது போட்டதில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியிருந்தது. புதுப் படகுக்குக் காணாது. பழைய படகு ஒன்றைப் பிடித்துச் சரிபண்ணலாம். ரங்கன் அந்தக் கணக்கை மனதுக்குள் போட்டு வைத்திருந்தான்.

ஒருநாள் மத்தியானம் மணியம்மாள் மடவை மீன் குழம்பை ஊற்றிவிட்டு, போகாமல் எதிரிலேயே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"சுபாஷு போன் பண்ணான்யா. சம்பளம் வர்லியாம்."

"வரும்."

"ரெண்டு மாசமா வர்லியாம். ஒன்னாண்ட சொல்ல பயந்துக்கினு கீறான். அவன் சொல்லித்தானே போட்டோம்னு அழுவறான்யா அந்தப் புள்ள."

வேதாசலம் முள்ளை எடுத்துத் தட்டு ஓரமாக வைத்தார். "நம்ம படகு ஓடசொல்லோ ஆளுங்களுக்குக் கூலி பாக்கி வெச்சதில்லியா? தீவாளிக்கு மொத்தமா குடுத்தமே. நாம இன்னா முழுகியா போனோம்?"

"நாம ஓடிப்போ மாட்டோம்னு அவுங்களுக்குத் தெரியும். நம்ம வூடு எங்க கீதுன்னு தெரியும். இவுங்க வூடு ஒனக்குத் தெரியுமா?"

அவர் சோற்றைப் பிசைந்தார். குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னார். அவள் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுபாஷ் வந்திருந்தான். அன்றைக்குத்தான் ரங்கன் வாயைத் திறந்தான். வெகுநேரம் வாசலில் நின்று, அண்ணி கொடுத்த டீயைக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, பிறகு சொன்னான்.

"ணா. என் பாதிய மட்டும் குடுத்துடுணா."

அந்த வீட்டில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை.

"இன்னா சொன்ன?"

"தோணிரேவுல ஒரு பழய படகு கீதுணா. என் பாதிய குடுத்து அத்தப் புடிச்சி வெச்சா, சீட்டு அன்னிக்கு நம்ம பேர கூப்புடுவாங்க. நாம ரெண்டு பேரும் தான் போவப்போறோம். ஒன்னுது அப்டியே கெடக்கட்டும். ஏறினா ஏறட்டும்."

இதைவிட நியாயமாக ஒரு தம்பி பேச முடியாது. ஆனால் வேதாசலத்தின் காதில் விழுந்தது ‘பாதி’ என்ற ஒன்றுதான். அந்த ஊரில் அண்ணன் தம்பி படகைப் பிரிப்பது என்றால் மூத்தவனுக்குக் கருமாதி முடிந்த பிறகுதான். படகை மணலில் ஏற்றி, ஊர் கூடி, விலை பேசி, ஒருவன் எடுத்துக்கொண்டு மற்றவனுக்குப் பணம் கொடுப்பான். மூத்தவன் உயிரோடிருக்கும்போது பாதி கேட்பது, அவன் சாவைக் கேட்பது மாதிரி.

"நான் கண்ண மூடிட்டனாடா?" என்றார்.

"அய்யோ, அப்டி இல்லணா."

சுபாஷ் குறுக்கே வந்தான். "நைனா, இது படகு இல்ல. ஆயிரம் துண்டா கீது. சித்தப்பாவோட துண்ட மட்டும் வித்தா ஒன்னுக்கு ஒண்ணும் ஆவாது. நாளைக்குக் காலீல செல்லுல அமுக்கினா முடிஞ்சிது."

"படக பாதியா அறுத்து வித்தவன் இந்த ஏரியில எவனும் கெடையாது. போட்டது எங்க படகு. வந்தா முழுசா வரும், இல்லாங்காட்டி முழுசா போவட்டும்."

ரங்கன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். அப்பா செத்த அன்றைக்கு இவனைத் தோளில் சாய்த்துக்கொண்டவரின் முகம் அது.

"சரிணா. வுடு" என்றான்.

மஞ்சு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் வெளியே வந்ததும் வேலிக்கு மேலாகவே வேதாசலத்திடம் பேசினாள்.

"மாமா, கோச்சிக்காதீங்க. இந்த மனுசன் கல்யாணம் ஆனதுலேந்து ஒங்கள ஒண்ணு கேட்டதில்ல. இன்னிக்கு ஒரு தபா கேட்டாரு. அதுல என் கழுத்துல கெடந்ததும் கீது. நான் அத்தக்கூட கேக்கல. ஒரு படகுதான் கேக்கறோம்."

வேதாசலம் திண்டாடிப் போனார். "ஆவணிக்குள்ள ஏறிடும்மா" என்றார். அவளுக்கு அதைக் கேட்டு அழுகைதான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஆடி மாதத்தில் ஒரு காலை மஞ்சள் வயிறு வரவில்லை. கஞ்சி வேளைக்கும் வரவில்லை. மேகத்துக்கு மேலாகப் போயிருக்கும் என்று வேதாசலம் சொல்லிக்கொண்டார். அன்றைக்கு மேகம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. வெயில் தாழ ஸ்டீபன் ஆரம்பாக்கத்திலிருந்து வண்டியை முறுக்கிக்கொண்டு வந்தான். வண்டியை நிறுத்தினானே தவிர இறங்கவில்லை.

"ப்ளேன நிறுத்திட்டாங்கண்ணே. எல்லாத்தையும். டிக்கெட்டு எடுத்தவங்கள்லாம் ஏர்போர்ட்டுல பொட்டிய வெச்சிக்கினு குந்திக்கினு கீறாங்களாம். டிவியில காட்றான்."

"விக்கலாண்டா. இப்பவே வித்துடலாம். ரங்கனுதயும் சேத்து" என்றார் வேதாசலம். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அன்றைக்குத்தான் முதல்முதலாக வந்தது.

"விக்கறதுக்குப் போட்டுதான் வெச்சிக்கிறேன். வாங்கறதுக்கு ஆள் இல்ல."

வாங்க ஆள் இல்லாமல் ஒரு சரக்கு இருக்க முடியும் என்பது வேதாசலத்துக்குப் பிடிபடவே இல்லை. அழுகின மீனைக்கூடக் கோழித் தீவனத்துக்கு எடுத்துப் போவார்கள். நான்கு நாள், பத்து நாள் என்று ஸ்டீபன் போனை நீட்டினான். தினமும் விலை ஒரு படி இறங்கி நிற்கும், வாங்குகிற பக்கம் வெறுமையாக இருக்கும். அப்புறம் கேட்பதை அவரே விட்டுவிட்டார்.

சுபாஷ் ரயிலேறி ஆரம்பாக்கம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, ஒரு பையோடு வந்து சேர்ந்தான். அப்பா ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவரோ, "சாப்ட்டியாடா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். மணியம்மாள் சோறு போட்டாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. படகு கட்டுகிறவர் ஆவணி முதல் வாரம் ஆள் அனுப்பினார். பணம் இல்லை என்று தெரிந்ததும் அந்த முறையை அடுத்தவனுக்குக் கொடுத்தார்.

சீட்டு நாள் வந்தது. அம்மன் கோயில் எதிரில், மணலில், படகுக்காரர்கள் எல்லாரும் குளித்து வெள்ளை வேட்டியில் நின்றார்கள். வேதாசலமும் போய்க் கடைசியில் நின்றார். போகாமல் இருந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று பயம், போனால் என்ன நினைக்கும் என்றும் பயம். ஊர்த் தலைவர் சீனிவாசன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வந்து, வேதாசலத்தின் அப்பா பெயர் வருகிற இடத்தில் நிறுத்தினார்.

"வேதாசலம், படகு கீதாப்பா?"

"இல்ல தலைவரே."

கேலி செய்ய வாய்ப்பு இருந்தும் ஒருவரும் செய்யவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ரங்கன் முன்னால் வந்தான். கூட மஞ்சுவின் தம்பி வினோத், அடுத்த குப்பத்துக்காரன். "என் மச்சான் படகு கீது தலைவரே. இந்த வருசம் எனக்குன்னு குடுக்கறான்" என்றான் ரங்கன், மணலைப் பார்த்தபடி.

சீனிவாசன் தாடையைச் சொறிந்தார். "எனக்குன்னு சொன்னா தனியாவா? ஒங்க நைனாவுக்கு ஒரே பாடுதானே. ரெண்டா ஆக்க முடியாது. மூத்தவன் வுட்டுக்குடுத்தா ஒம் பேர்ல கூப்புடறேன். இல்லாங்காட்டி இந்த வருசம் சும்மாதான் கெடக்கும். இன்னா வேதாசலம், நீ இன்னா சொல்ற?"

வேதாசலம் தம்பியைப் பார்த்தார். அவன் நிமிரவில்லை. பாதி கேட்டதற்கே மூத்தவன் சாவா என்று அன்றைக்குக் கேட்டவர், இப்போது முழுசாகக் கொடுக்க வேண்டும். ஏரிப்பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"ரங்கன்னே கூப்புடுங்க" என்றார்.

தலைவர் கூப்பிட்டார். அப்பா பெயர் இருந்த இடத்தில் தம்பி பெயர் விழுந்ததை வேதாசலம் நின்று கேட்டார். பிறகு மெதுவாகக் கூட்டத்திலிருந்து விலகி, வீட்டுக்குப் போய் வேட்டியை மாற்றிக்கொண்டு, பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து, முகத்துவாரம் திறந்து, இறால் உள்ளே வந்தது. ரங்கனுக்கு முதல் முறை விழுந்த நாளில் வாடைக்காற்று லேசாகத்தான் இருந்தது. விடியற்காலையில் வேதாசலம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. முப்பது வருஷமாக முதல் பாட்டுக்கு வருகிறவர், அன்றைக்கும் வந்துவிட்டார். சுபாஷும் பின்னாலேயே வந்தான். மணியம்மாளும் மஞ்சுவும் கஞ்சித் தூக்கோடு நின்றார்கள்.

வினோத் படகில் ஏறி வலையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். ரங்கன் தண்ணீரில் நின்று படகைப் பிடித்திருந்தான். வேதாசலம் முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகின் விளிம்பில் கை வைத்து, ஏறுவதற்காக ஒரு காலைத் தூக்கினார்.

ரங்கன் அவர் கைமேல் கை வைத்தான்.

"சுபாஷ அனுப்புணா" என்றான். காதும் காதும் வைத்தாற்போல் மெதுவாகச் சொன்னான். "நீ வேணாம்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வேதாசலம் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். தூக்கிய கால் தண்ணீருக்குள் இறங்கியது.

"ஏறுடா" என்று மகனிடம் சொன்னார். "சித்தப்பா சொல்றபடி கேளு. வலைய எறக்கசொல்லோ காத்துக்கு எதிர்ல நிக்காத."

சுபாஷ் ஏறினான். அவர் குனிந்து இரண்டு கையாலும் படகைத் தள்ளிவிட்டார். மார்பளவு ஆழம்வரை தள்ளிக்கொண்டே போய், அதற்கு மேல் எட்டாமல் விட்டார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. ரங்கன் திரும்பிப் பார்க்கவில்லை. வேதாசலத்துக்கு அழுகை வந்தது. தண்ணீரை வாரி முகத்தில் அடித்துக்கொண்டு கரைக்கு வந்தார்.

மணியம்மாளுக்குத் தூரத்திலிருந்து எதுவும் கேட்டிருக்கவில்லை.

"இன்னாயா, நீ போலியா?"

வேதாசலம் துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். "சின்னப் படகு. மூணு பேருக்கு மேல தாங்காது."

மஞ்சு அவரைப் பார்த்தாள். அவள் கூடப்பிறந்தவன் படகு அது. வலையோடு ஆறு பேர் போவார்கள்.

"ஆமாக்கா, சின்னப் படகுதான்" என்று சொல்லிவிட்டு, தூக்கைத் திறந்து முதல் கஞ்சியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தாள்.